கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்

மெயில் போன பிறகுதான் விஜிலா ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

பிழை தேடிப் பார்க்கவில்லை. இவ்வளவு அழகாக வந்திருக்கிறதே என்ற ஆசையில் இன்னொரு தடவை திறந்தாள். முதல் பக்கத்தில் அவள் பெயர். அதற்குக் கீழே நாலே வரியில் அவளுக்கு என்ன தெரியும், எந்த வேலையைத் தனியாக எடுத்துச் செய்வாள் என்ற சுருக்கம். பிறகு வேலை பார்த்த வருடங்கள். இரண்டாம் பக்கத்தில் படிப்பு, கணினி, மொழிகள். அதற்கும் கீழே, பக்கத்தின் அடிவிளிம்பில், இரண்டு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ரெஃபரன்ஸ்’ என்று தலைப்பு. பக்கத்தில் எஸ். வேல்ராஜ், கிளை மேலாளர். ஒரு செல்போன் எண்.

மடியில் இருந்த லேப்டாப்பை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நின்றவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அடுக்களையில் மாமியார் அமலோற்பவம் மீன் கழுவும் சத்தம் கேட்டது. மறுபடியும் உட்கார்ந்து அந்த வரிகளைப் படித்தாள். எண்ணில் ஒரு இலக்கமாவது தப்பாக இருக்காதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன்னால், கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் போடுகிற பழைய கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தபோது, கொச்சிக் கிளைக்கு மாற்றல் கேட்டு ஒரு ரெஸ்யூம் தயாரித்திருந்தாள். அப்போது வேல்ராஜ் அவளுக்கு மேனேஜர். தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னதே அவர்தான். இப்போது புதிதாக எழுத உட்கார்ந்தபோது அந்தப் பழைய கோப்பைத் திறந்துதான் அவளும் சிநேகிதி ஈவாஞ்சலினும் மேலிருந்து திருத்திக்கொண்டு வந்தார்கள். ஈவாஞ்சலினுக்கு அவசரமாகச் சர்ச்சுக்குப் போகவேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடிவரைக்கும் யாரும் வரவில்லை.

ஈவாஞ்சலின் காலேஜில் கூடப் படித்தவள். நாசரேத்துக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். இப்போது பைபாஸ் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளில் நூறு ரெஸ்யூம் பார்க்கிறவள்.

“அப்பா பேரு, சாதி, மதம், பொறந்த தேதி, இதெல்லாம் எதுக்குளா? எடு,” என்றாள் அன்றைக்கு. “வீட்டு நம்பர், தெரு ஒண்ணும் வேண்டாம். தூத்துக்குடின்னு ஊர் பேரு போதும். ரெஸ்யூம் எத்தன பேரு கைக்குப் போகும்னு உனக்குத் தெரியாது.”

“சரி.”

“‘ஹார்டு ஒர்க்கிங், சின்சியர்’ இதையும் எடு. எல்லாவனும் அதத்தான் எழுதுதான். நீ என்ன செஞ்சன்னு எழுது. ஷிப்பிங் பில் போட்டியா? எந்த மாதிரிச் சரக்குக்கு? திருப்பி அனுப்பாம எத்தனை போச்சு? அத எழுது.”

எழுத எழுத விஜிலாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவும் நானா செய்தேன் என்று இருந்தது. உறைந்த இறால், உப்பு, கிரானைட், முருங்கை இலைப் பொடி என்று எல்லாச் சரக்குக்கும் காகிதம் போட்டிருக்கிறாள். சுங்கத்திலிருந்து ஒரு காகிதம்கூடத் திரும்பி வந்ததில்லை. வேலையை விட்ட இரண்டு வருடமும் அடுக்களையிலும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் கழிந்து, தான் எதற்கும் லாயக்கில்லை என்றே நினைக்கத் தொடங்கியிருந்தாள். அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது.

“இந்த ரெண்டு வருஷ கேப்பு?” என்று கேட்டாள் ஈவாஞ்சலின். “கண்டிப்பாக் கேப்பாங்க.”

“குடும்பக் காரணம்னு போடு.”

ஈவாஞ்சலின் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அப்படியே போட்டாள்.

குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றுமுன், சரக்கோடு சேர்த்து அது மொத்தம் எவ்வளவு எடை என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்த எடையை நம்பித்தான் எந்தப் பெட்டியைக் கீழே வைப்பது, எதை மேலே அடுக்குவது என்று கப்பலில் முடிவு செய்வார்கள். கனத்த பெட்டி காகிதத்தில் லேசாகி மேலே போய்விட்டால், நடுக்கடலில் காற்று அடிக்கிறபோது அடுக்கு சரியும். ஒரு நாள் கிரானைட் ஏற்றிய கண்டெய்னர் ஒன்று எடைமேடையில் அளவுக்கு மீறி நின்றது. குறைத்து எழுதச் சொன்னார் வேல்ராஜ்.

“சார், எடை ரசீதுல வேற இருக்கே.”

“ரசீத நான் பாத்துக்கிடுதேன். நீ டைப் பண்ணு. ஒரு பெட்டி கூடக் கனத்தா கப்பல் முங்கிருமாக்கும்?”

அவள் புருஷன் ரோச், பாய்மரக்காலத்திலிருந்தே கப்பலுக்குப் போகிற பரம்பரை. இப்போது சரக்குக் கப்பலில் மாலுமி. அந்தப் பெட்டிகளுக்குக் கீழேதான் நடப்பான், கயிறு கட்டுவான், தூங்குவான். விஜிலாவால் அந்த எண்ணை அடிக்க முடியவில்லை. அடிக்கமாட்டேன் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் போனால், குறைத்த எடையோடு காகிதம் போயிருந்தது. அதில் தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

அன்றைக்குத்தான் கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தாள். பெட்டியைக் கீழே இறக்கி மறுபடி எடை போட்டார்கள். அதே ஆபீஸ் அனுப்பிய வேறு பெட்டிகளையும் எடை போட்டார்கள். கப்பல்துறை அதிகாரிகளின் விசாரணை வந்தது. டாக்குமெண்டேஷன் பார்க்கிற பொண்ணு தப்பாக டைப் பண்ணிவிட்டாள் என்றார் வேல்ராஜ். இல்லை, என்னைக் குறைத்து எழுதச் சொன்னார்கள் என்று விஜிலா வாக்குமூலம் கொடுத்தாள். ஆபீசிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வேல்ராஜ் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். குரல் உயரவே இல்லை.

“இந்த ஹார்பர்ல இனி எந்த ஆபீஸ்லயும் உனக்கு நாற்காலி கிடையாது, பாத்துக்க.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு கருப்பு பைக் அவள் போகிற இடமெல்லாம் பின்னால் வந்தது. அதில் வந்தவன் ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. தெருமுனையில் நிற்பான். அவள் திரும்பிப் பார்த்தால் சிரிப்பான். பனிமய மாதா கோயிலுக்குள் கூட வந்து கடைசி வரிசையில் நின்றான். திரேஸ்புரத்தில் இருந்த வீட்டைக் காலி பண்ணி மாப்பிள்ளையூரணிக்கு வந்தது அதற்காகத்தான். மாமியாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் காற்று வசதி என்று அவளும் ரோச்சும் சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது அவள் கையாலேயே அந்த மனிதரின் எண்ணை எழுதி, ‘என்னைப் பற்றி இவரிடம் கேளுங்கள்’ என்று ஊர் அறிந்த மீன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஈவாஞ்சலினைக் கூப்பிட்டாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

“பதறாதளா,” என்றாள் அவள். “திருத்தி இன்னொண்ணு அனுப்பு. ‘முந்தி அனுப்பினதை விட்டுட்டு இதை எடுத்துக்கங்க’ன்னு ஒரு வரி எழுது. தினமும் எனக்கே அப்படி நாலு மெயில் வருது. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“முதல்ல வந்ததைப் பாத்துட்டாங்கன்னா?”

“இன்டர்வியூக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி யாரும் ரெஃபரன்ஸ்க்குப் போன் பண்ண மாட்டாங்க. நான் பண்ணுனதே இல்ல.”

விஜிலா அந்த இரண்டு வரியையும் அழித்தாள். அந்த இடத்தில் ‘கேட்டால் தரப்படும்’ என்று போட்டாள். மறுபடி அனுப்பினாள். அனுப்புமுன் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை விரலை வைத்துப் படித்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. முதல் மெயில் அங்கே போய்ச் சேர்ந்துதானே இருக்கிறது. யாருடைய கம்ப்யூட்டரிலோ, திறக்கப்பட்டோ திறக்கப்படாமலோ.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். வெள்ளிக்கிழமை காலை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். எந்த ரெஸ்யூமைப் பார்த்துக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அமலோற்பவத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரோச்சின் கப்பல் ஒப்பந்தம் முடியப் போகிறது. அடுத்த கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மருமகள் மறுபடி ஆபீசுக்குப் போனால் வீடு நிமிரும். “என் மாதா கண்ணத் தொறந்துட்டா,” என்று பேத்தி ஜோவிட்டாவின் கையைப் பிடித்துச் சுற்றினாள். விஜிலா சிரித்தாள். சிரிக்கும்போதே காது போன் பக்கம் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அது அடித்தது. எண்ணைச் சேமித்து வைக்கவில்லை. வேண்டியதும் இல்லை.

அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

“என்னம்மா விஜிலா, நல்லா இருக்கியா?”

இரண்டு வருடமாகக் கேட்காத குரல். முந்தாநாள் பேசி வைத்த மாதிரி இருந்தது.

“இருக்கேன் சார்.”

“ரெஃபரன்ஸ்க்கு என் பேரையே போட்டிருக்கியே. படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. பழசை எல்லாம் மறந்துட்டாள்னு நினைச்சுக்கிட்டேன்.”

விஜிலா எழுந்து போய் அடுக்களைப் பக்கக் கதவைச் சாத்தினாள்.

“கிருபாபாய்னு ஒரு அம்மா போன் பண்ணினாங்க. உன்னைப் பத்தி விசாரிச்சாங்க. என்ன சொன்னேன்னு கேக்க மாட்டியா?”

“என்ன சொன்னிய சார்?”

“தங்கமான புள்ளைன்னு சொன்னேன். இவளை மாதிரி கவனமான ஆளு தூத்துக்குடியிலயே கிடையாதுன்னு சொன்னேன். வேலை உனக்குத்தான். கவலையே படாத.” கொஞ்சம் நிறுத்தினார். தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான் உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாச்சு. நீயும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்லா. அடுத்த மாசம் விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. ஞாபகம் இல்ல, நான்தான் தப்பா டைப் பண்ணியிருப்பேன், அப்படின்னு சொல்லிரு. உன்னை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஒரு டைப்பிங் மிஸ்டேக்குக்கு யாரைத் தூக்கில போடப் போறாங்க?”

“சார், அது…”

“யோசி. அவசரமே இல்ல. ஆமா, பொண்ணு எப்படி இருக்கா? நாலாங்கிளாஸ்தானே? மாப்பிள்ளையூரணியில இருந்து ஆட்டோவிலதானே வருதா?”

போனை வைத்துவிட்டார்.

விஜிலா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் கிடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், வருகிற போகிற பைக்குகளை எல்லாம் பார்த்தபடி நின்றாள். கருப்பாக ஒன்று வந்தாலும் கேட்டை ஒட்டி நகர்ந்தாள். மணி அடித்துப் பிள்ளைகள் வந்தபோது ஜோவிட்டாவின் கையை அவள் பிடித்த பிடியில் பிள்ளை கத்திவிட்டாள்.

“வலிக்குதும்மா!”

“ஆட்டோ வேண்டாம். நாம பஸ்ல போவோம்.”

“ஏன்?”

“சும்மாத்தான்.”

அன்று சாயங்காலம் ரோச் கப்பலிலிருந்து பேசினான். ஏதோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. விஜிலா எல்லாவற்றையும் சொன்னாள்.

“விஜி, வேலையே வேண்டாம். விட்டுரு,” என்றான். “நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

“விசாரணை?”

“போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லு.” பிறகு, “நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் அங்கன இல்லையேளா. நீங்க மூணு பேரும் தனியாக் கிடக்கிய…” என்று சொல்லும்போதே குரல் அறுந்துபோயிற்று. திரும்பக் கூப்பிட்டாள். கிடைக்கவில்லை.

காலையில் எழுந்து குளிக்கும்போது கூட அவள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கவில்லை. நீலப் புடவையைக் கட்டினாள். சான்றிதழ் கோப்பை எடுத்தாள். ஜோவிட்டாவைப் பள்ளிக்கு அனுப்பாமல் மாமியாரிடம் விட்டு, கதவை உள்ளே தாழ் போடச் சொன்னாள். அமலோற்பவம் ஏன் என்று கேட்டதற்கு, ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் போகிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கம்பெனி ஹார்பர் ரோட்டில் இருந்தது. வாசலில் குளிர்பெட்டி லாரிகள் நின்று இரைந்தன. காற்றில் ஐஸும் கணவாய் மீனும் கலந்த வாடை. மாடியில் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஏற்றுமதி மேனேஜர் கிருபாபாய், ஐம்பது வயது இருக்கும், நரையை மறைக்காதவர். அவருக்குப் பக்கத்தில் நிர்வாகம் பார்க்கிற ஜேசுபாதம், சட்டைப்பையில் இரண்டு பேனா.

முதல் அரைமணி நேரம் விஜிலா பயத்தை மறந்தாள். கிருபாபாய் கேட்டதெல்லாம் அவள் கைபட்ட விஷயம். ஐரோப்பாவுக்குப் போகிற இறாலுக்கு என்னென்ன சான்றிதழ், கண்டெய்னர் சூடாகிவிட்டால் முதல் போன் யாருக்கு, விலைப்பட்டியலில் ஒரு எழுத்து மாறிப்போனால் எப்படித் திருத்துவது. கேட்டு முடிக்குமுன் பதில் வந்தது. கிருபாபாயின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. ஒரு இடத்தில் ஜேசுபாதமே தலையாட்டினார்.

“இந்த ரெண்டு வருஷம்?” என்றார் அவர், ரெஸ்யூமைப் புரட்டியபடி. “குடும்பக் காரணம்னு போட்டிருக்கு.”

“ஆமா சார்.”

“இப்ப அந்தக் காரணம் தீந்துட்டா?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் கிருபாபாய் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். “அது பரவாயில்ல சார். நான் இவங்க பழைய மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். வேல்ராஜ் அப்படிப் புகழுறார். பொதுவா யாரும் விட்டுப்போன ஆளைப் பத்தி இப்படிச் சொல்ல மாட்டாங்க. எனக்கு அது போதும்.”

ஜேசுபாதம் பேனாவை எடுத்தார். “எப்ப சேர முடியும்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. திங்கட்கிழமை என்று இன்னொரு வார்த்தை. அவ்வளவு போதும். இந்த அறையைவிட்டு வேலையோடு இறங்கிப் போகலாம். அமலோற்பவம் மாதாவுக்கு மாலை போடுவாள். அடுத்த மாதம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால் ஜோவிட்டா ஆட்டோவில் பள்ளிக்குப் போய்வரலாம். பிறகு? பிறகு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் போன் அடிக்கும். என்னம்மா விஜிலா, அந்த வேலையை வாங்கித் தந்தது யாரு, ஒரு சின்ன உதவி. அப்போது அடிக்கச் சொல்கிற எண்ணை அடித்தாக வேண்டும். அதற்கு அடுத்ததையும்.

சான்றிதழ் கோப்பை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், அவர் சொன்னதை எடுத்துக்காதீங்க.”

கிருபாபாய்க்குப் புரியவில்லை. “என்ன?”

“வேல்ராஜ் சார் என்னைப் பத்தி நல்லதா சொன்னதை. அதை வச்சு எனக்கு வேலை தர வேண்டாம்.” எதிரே இருந்த டம்ளரைத் தள்ளி வைத்தாள். “அவர் பேரு தப்பாப் போயிருச்சு மேடம். பழைய ரெஸ்யூம்ல இருந்தது. நான் அங்க இருந்து குடும்பக் காரணத்துக்காக வரல.”

சொன்னாள். எடைமேடை ரசீது, குறைத்த எண், தன் பெயரில் போன காகிதம், கப்பல் கம்பெனிக்குச் செய்த போன், வாக்குமூலம். நேற்று மதியம் வந்த அழைப்பையும் சொன்னாள். பிள்ளையைப் பற்றி அவர் கேட்டதை அப்படியே சொன்னாள். அழக்கூடாது என்று மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு முடித்தாள்.

ஜேசுபாதம் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். “இதெல்லாம் ரெஸ்யூம்ல இல்லையேம்மா.”

“எழுதப் பயமா இருந்துச்சு சார்.”

“விசாரணை இன்னும் முடியல.”

“இல்ல சார்.”

“அந்த ஆபீஸ் வழியா நம்ம சரக்கும் எப்பவாச்சும் போகுது,” என்றார் அவர், அவளிடம் இல்லை, கிருபாபாயிடம். “நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

கிருபாபாயின் சிரிப்பு போய்விட்டிருந்தது. “சரி விஜிலா. சொல்லி அனுப்புறோம்,” என்றார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

இறங்கி வரும்போது படிக்கட்டின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை போயிற்று. ஞாயிறு போயிற்று. போன் அடிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று ஈவாஞ்சலினிடம் சொன்னாள். அவள் கோபப்படவில்லை. “நானா இருந்தா வாயை மூடிட்டு வாங்கியிருப்பேன்,” என்றாள். பிறகு, “எனக்குப் பிள்ளை இல்ல, உனக்கு இருக்கு. உன் இடத்துல இருந்து நான் பேச முடியாது,” என்றாள். விஜிலாவுக்கு வேலை போனதுகூடப் பெரிதாக இல்லை. தான் சொன்னதை எல்லாம் ஜேசுபாதம் வேல்ராஜிடம் சொல்லியிருப்பாரா என்பதுதான் உள்ளே அரித்தது. தெருவில் பைக் வேகம் குறைகிற சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் ஜோவிட்டாவைத் தானே பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விஜிலா மாமியாரோடு திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போனாள். கரையில் கூட்டம். ஏலம் கூவுகிற குரல்களும் கூடைகளும். அமலோற்பவம் பிறந்து வளர்ந்த இடம் அது. பார்க்கிறவர்களெல்லாம் சொந்தக்காரர்கள். அவள் ஒரு கூடைக்காரியிடம் விலை பேசிக்கொண்டிருக்க, விஜிலா ஓரமாகப் பையோடு நின்றாள்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியாமே.”

முதுகுக்குப் பின்னால் குரல். திரும்பினாள். வெள்ளைச் சட்டை, கையில் கார்ச்சாவி. வேல்ராஜ். கொஞ்ச தூரத்தில், படகு நிழலில், கருப்பு பைக்கில் சாய்ந்து அந்தப் பையனும் நின்றான். அதே சிரிப்பு.

“நல்லது பண்ணினா இப்படித்தான் பண்ணுவியா? நான் உன்னைத் தங்கம்ங்குறேன், நீ என்னைத் திருடன்ங்குற.” இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். “அந்த அம்மாகிட்டச் சொன்ன மாதிரி அடுத்த மாசம் அங்கயும் போய்ச் சொல்லலாம்னு நினைக்காத. புருஷன் கடல்ல இருக்கான். வீட்டுல கிழவியும் பிள்ளையும். நான் சொல்லணும்னு இல்ல.”

விஜிலாவுக்கு ஓடவேண்டும் போல் இருந்தது. ஓடினால் இவர் பின்னால் வரமாட்டார், அது தெரியும். வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவள் எங்கே ஓடினாலும் ஓடுகிறவளாகவே இருப்பாள். எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று பின்னால் எத்தனை தடவை யோசித்தும் அவளுக்கே விளங்கவில்லை.

“மாமி!” என்று கத்தினாள். “மாமி, இங்க வாங்க! இவருதான் வேல்ராஜ் சார்! கப்பல்ல ஏத்துற பெட்டிக்குப் பொய் எடை எழுதச் சொன்னவரு! உண்மையச் சொன்னதுக்கு நம்ம பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்துதாரு!”

ஏலம் கூவுகிற குரல் நின்றது. கூடைகளுக்கு மேல் தலைகள் திரும்பின. அந்தக் கரையில் கப்பலுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. பொய் எடை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அமலோற்பவம் மீனைப் போட்டுவிட்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேல்ராஜின் முகத்துக்கு நேரே நின்றாள்.

“என் பேத்தியப் பத்தி என்னலே சொன்ன?”

“இல்லம்மா, உங்க மருமக தப்பாப் புரிஞ்சுக்கிட்டு…”

“ஏலே இஞ்ஞாசி! இங்கன வா. இந்தாளு மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்க. அங்கன பைக்குல நிக்கானே, அவன் மூஞ்சியையும்.”

வலை பிரித்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி எழுந்து வந்தான். அமலோற்பவத்தின் அண்ணன் மகன், ஆள் கதவு மாதிரி இருப்பான். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். வேல்ராஜ் செல்போனை எடுத்து யாருடனோ பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். பைக் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது.

விஜிலா அங்கேயே, ஈர மணலில், உட்கார்ந்துவிட்டாள். யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“காய்ச்சல் பரவுதுன்னு சொன்னியே, அது இதுதானா?” என்று கேட்டாள் மாமியார். திட்டப் போகிறாள் என்று விஜிலா தலையைக் குனிந்தாள். அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாளா.”

அன்றிலிருந்து ஜோவிட்டாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் இஞ்ஞாசியின் வேலையாயிற்று.

புதன்கிழமை கிருபாபாய் பேசினார். ஜேசுபாதம் ஒத்துக்கொள்ள நாளாயிற்று என்றார். ஆறு மாதம் பார்ப்பார்களாம். விசாரணையால் கம்பெனிக்கு ஏதாவது தொந்தரவு வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாமாம். “நான் உங்களுக்கு எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது விஜிலா. சேருறதா இருந்தா அடுத்த வாரம் வாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த ஆளு வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்குப் போன் பண்ணி, முந்தி சொன்னதுக்கு நேர் எதிரா உங்களைப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசினார். ஒரு நாள் தங்கம், மறுநாள் திருடி. அதுக்கப்புறம் எனக்கு யாரையும் கேக்கணும்னு தோணல,” என்றார்.

வேல்ராஜிடம் சொன்னது யார் என்று விஜிலா கேட்கவில்லை. ஜேசுபாதமாகத்தான் இருக்கும். அவர் பக்கத்து அறையில்தான் இனி உட்காரவேண்டும்.

சேர்ந்தாள். அடுத்த மாதம் விசாரணைக்குப் போனாள். இஞ்ஞாசி வாசல்வரை வந்தான். வராந்தாவில் வேல்ராஜ் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். அவள் கடந்து போகும்போது கால்மேல் போட்டிருந்த காலை அவர் இறக்கவில்லை. உள்ளே, முந்தி சொன்னதையே சொன்னாள். ஞாபகம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றாள். கையெழுத்துப் போடும்போது பெயரின் கடைசி எழுத்து கோணலாகப் போயிற்று. வேறு தாளில் போடட்டுமா என்று கேட்டாள். பரவாயில்லை என்றார்கள். முடிவு எப்போது, என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்து, ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். இரண்டு நிறுத்தம் வரை பின்கண்ணாடி வழியாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆபீசில் ஒரு கண்டெய்னர் கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் எடை ரசீதை அவள் மேசைமேல் வைத்தான். உறைந்த கணவாய், பலகைமேல் அடுக்கிய இருபது கட்டு. எண்ணைப் பார்த்தாள். எழுந்து, “ஒரு நிமிஷம் அண்ணாச்சி, இன்னொரு தடவ எடை போட்டுருவோம், எடைமேடைக்கு நானும் வாரேன்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.